எட்டு இருபத்து மூன்று

அத்தியாயம் 14

போன வாரம் சுவாமிநாதனை அவர் வீட்டு ஹால் நாற்காலியில், வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போன நிலையில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். "அந்த மனுஷன் என்ன ஆனார்?" என்று கடிதம் எழுதத் துடித்தவர்கள் பேனாவை மூடிவைக்கலாம். அவர் இப்போது காரில் போய்க்கொண்டிருக்கிறார்.

போய்க்கொண்டிருக்கிறார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருநள்ளாற்றில் எந்த வண்டியும் போகாது, ஊரும். முன்னால் ஆந்திராவிலிருந்து வந்த பஸ், பின்னால் கர்நாடகாவிலிருந்து வந்த வேன், நடுவில் தலையில் எண்ணெய் வழிய ஈர வேட்டியோடு குறுக்கே நடக்கும் கூட்டம். மகன் ஜெயபிரகாஷ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

பின் ஸீட்டில் தையல்நாயகி கணவரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கை ஸீட்டிலிருந்து வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் எடுத்து எடுத்து மேலே வைத்தாள்.

"ஏங்க, என்னைத் தெரியுதா? ஒரு வார்த்த பேசுங்களேன்."

காலையிலிருந்து "பேசாதீங்க, பேசாதீங்க" என்று சொன்னவளும் அவள்தான்.

மூன்று வருடமாகச் சுவாமிநாதனுக்குச் சனிக்கிழமைதோறும் மௌன விரதம். படுக்கையை விட்டு எழுந்ததிலிருந்து உச்சிவேளையில் காக்காய்க்குச் சோறு வைக்கும் வரை ஒரு சொல் வெளியே வராது. மகள் சிவப்ரியா பட்டினச்சேரி கார்முகிலைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு மறுவாரம் தொடங்கிய விரதம் அது. மீன்பிடிப் படகுக்கு இன்ஜின் பார்க்கும் பையனோடு வாசலில் வந்து நின்ற மகளைத் தையல்நாயகி "போ" என்ற ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினாள். "இனிமே அவ பேர இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்று சட்டமும் போட்டாள்.

சுவாமிநாதன் சட்டத்தை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. விரதம் மட்டும் தொடங்கினார். மகள் செய்த காரியத்தில் நொந்துபோய் மனுஷர் சனீஸ்வரனுக்கு வாயைக் கட்டிக்கொண்டார் என்று தையல்நாயகி தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள்.

இன்று ஒன்பது மணிக்கு அவருக்கு நீர்மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். இடது கையால் வாங்கினார். பாதி வேட்டியில் கொட்டியது. தொண்டைக்குள் என்னவோ ஒரு சத்தம் வந்தது.

"சரி சரி, விரதத்த முறிச்சிடாதீங்க. என்னா வேணும்னு கையால காட்டுங்க."

அவர் இடது கையால் வலது கையைத் தொட்டுக் காட்டினார்.

"மோதிரமா? கழட்டி அலமாரில வச்சிருக்கேன், எங்கயும் போயிடல." சொல்லிவிட்டு எள்ளுச் சாதம் கிளறப் போய்விட்டாள்.

பத்தேகால் மணிக்கு ஜெயபிரகாஷ் கடைத்தெருவிலிருந்து வந்து அப்பாவைப் பார்த்து அலறும் வரை, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மனிதர் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். விரதம் என்று வீடே அவரை மதித்து விலகி நடந்தது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் மட்டும் தாமதம் எதுவும் நடக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் ஓடியது. ஸ்கேன் முடிந்தது. பதினொன்று இருபதுக்கு டாக்டர் பஹீமா வெளியே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பேச்சில் வேகம், கண்ணில் நிதானம்.

"அம்மா, மூளையில ரத்தக் கசிவு இல்ல. அது நல்ல சேதி. மூளைக்குப் போற குழாய்ல ஒரு ரத்தக்கட்டி அடச்சிருக்கு. அதனாலதான் பேச்சும் வலது பக்கமும் போயிருக்கு. இவர கடைசியா நல்லபடியா எப்பப் பாத்தீங்க?"

"காலையில ஆறு மணிக்கு மம்பட்டிய எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனாருங்க. நல்லாத்தான் நடந்து போனாரு. ஒம்பது மணிக்குப் பாத்தா நாக்காலில இருக்காரு. எப்ப வந்தாருன்னு நான் கவனிக்கலங்க."

"நடுவுல யாராவது பாத்தாங்களா? பேசினாங்களா?"

"விரதக்காரருகிட்ட யாரு பேசுவா?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது.

"ஒரு மருந்து இருக்கும்மா. த்ராம்போலிட்டிக்னு சொல்லுவோம். த்ராம்பஸ்னா ரத்தக்கட்டி. அந்தக் கட்டியக் கரைக்கிற மருந்து, அவ்வளவுதான் அர்த்தம். மாரடைப்பு வந்தவங்களுக்கும் இந்த வகையத்தான் போடுறது."

"அப்ப ஒடனே போடுங்க டாக்டர்!" என்றான் ஜெயபிரகாஷ்.

"அடைப்பு வந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும் சார். ஆரம்பிச்ச நேரம் தெரியலன்னா, கடைசியா நல்லாயிருந்த நேரத்துலேந்துதான் கணக்கு. ஆறு மணின்னா, பத்தரைக்கே நேரம் முடிஞ்சுபோச்சு."

தையல்நாயகிக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "அவருக்கு ரத்தம் ஒறையாம இருக்க தெனம் ஒரு மாத்திர இருக்குங்க. அதுல ரெண்டு சேத்துக் குடுத்தா ஆவாதா?"

"அது வேறம்மா. புதுசா கட்டி வராம தடுக்குறது அந்த மாத்திர. வந்துட்ட கட்டிய அது ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் ஒண்ணுன்னுதான் நெறைய பேரு நெனச்சிக்கிறாங்க."

"நேரம் தாண்டிப் போட்டா என்னா ஆவும்?"

"ரத்தம் போகாத மூளை நேரம் ஆக ஆக நைஞ்சுபோயிடும். நைஞ்ச எடத்துல இந்த மருந்து போனா உள்ளயே ரத்தம் ஒடச்சிக்கும். உயிருக்கே ஆபத்து. நேரம் தெரியாதவங்களுக்கு வேற விதமான ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். இங்க அது இல்ல. தஞ்சாவூர் போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆகும்."

தையல்நாயகிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவள் கடைமடைக்காரி. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் வயல் என்ன ஆகும், பயிர் காய்ந்த பிறகு தண்ணீர் வந்து என்ன பிரயோசனம் என்பதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்தது. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது நர்ஸ் அஞ்சுகம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து நீட்டினாள். சுவாமிநாதனின் சட்டை, மூக்குக் கண்ணாடி, செல்போன்.

ஜெயபிரகாஷ் செல்போனை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான்.

"அம்மா, அப்பா காலையில யாருக்கோ போன் போட்டிருக்காரு. எட்டு பன்னெண்டுக்கு. பதினோரு நிமிஷம் பேசியிருக்காரு."

"யாருக்கு?"

"பம்புசெட் மெக்கானிக்னு போட்டிருக்கு."

"விரதத்துல எவன்கிட்டடா பதினோரு நிமிஷம் பேசுவாரு?"

ஜெயபிரகாஷ் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். போன சனிக்கிழமை, எட்டு பத்து. அதற்கு முந்தின சனிக்கிழமை, எட்டே கால். அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. நம் வீட்டு பம்புசெட் சனிக்கிழமை தவறாமல் ரிப்பேராகிறதா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். எடுத்த குரல் சிரித்தது.

"என்னாப்பா, மறுபடியுமா? இன்னிக்கு விரதம் ரெண்டு தடவ முறியுது, சனீஸ்வரன் கோச்சிக்கப் போறாரு!"

தையல்நாயகிக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வயிற்றில் சுமந்த சிரிப்பு. மூன்று வருடமாகக் காதில் விழாத சிரிப்பு.

மூன்று வருடம் என்றால் நூற்றைம்பது சனிக்கிழமைகளுக்கு மேல். நோன்பு, விரதம், மௌனம் என்று அவள் ஊரெல்லாம் கொண்டாடிய கல்லுளிமங்கன், சனீஸ்வரனையே காவலுக்கு நிறுத்திவிட்டு வயல் மோட்டார் கொட்டகையில் மகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். சனிக்கிழமை அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள், எங்கே என்று தேடமாட்டார்கள். அவள் மார்பில் கோபம் பொங்கி எழுந்தது. கூடவே வெட்கமும். வீட்டுக்குள் பேச வழியில்லாமல் செய்தது யார்?

ஜெயபிரகாஷ் வாயைத் திறப்பதற்குள் அவள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது.

"அம்மா?"

"ஒங்கப்பா காலையில ஒன்கிட்ட பேசுனாரா?"

மெல்லிய குரலில் பதில் வந்தது: "இல்லம்மா. அப்பா பேசல. நான்தான் தப்பா நம்பர..."

அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அப்பாவுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை அந்தப் பெண் காப்பாற்றினாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளைப் பாராட்டலாம்.

"பொய் சொல்லாதடி!" தையல்நாயகியின் குரல் உடைந்தது. "ஒங்கப்பா ஆஸ்பத்திரில கெடக்குறாரு. பேச்சு நின்னுபோச்சு. காலையில அவரு யாருகிட்டயாச்சும் நல்லபடியா பேசியிருந்தாதான் ஊசி போட முடியும்ங்குறாங்க. நீ இல்லன்னு சொன்னா அந்த ஊசி கெடையாது. பேசுனாருன்னு சொல்லு. என்னா சொன்னாரோ, என்னை எப்படி ஏசுனாரோ, எல்லாத்தயும் சொல்லு. நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

"அப்பாவுக்கா? அய்யோ..."

டாக்டர் பஹீமா செல்போனுக்கு அருகில் குனிந்தாள். "நான் டாக்டர் பேசுறேன். அழாம பதில் சொல்லுங்க. அவர் பேச்சு தெளிவா இருந்துச்சா? குழறல், தடுமாற்றம் ஏதாவது?"

"இல்ல டாக்டர். நல்லா பேசினாரு. என் பொண்ணுக்கு ஒண்ணர வயசு, அவகிட்ட ஆடு மாதிரி, கோழி மாதிரி கத்திக் காட்டினாரு. அப்பறம் என்கிட்ட வயல் சேதி எல்லாம் சொன்னாரு. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த குழறல."

"எத்தனை மணிக்கு வச்சாரு?"

"எட்டு இருபத்து மூணு. வச்சதும் மணி பாத்தேன். பாப்பாவுக்குப் பால் காய்ச்சணும்."

டாக்டர் செல்போன் திரையைத் தானும் ஒருமுறை சரிபார்த்தாள். கேஸ் ஷீட்டில் ஆறு மணி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் எட்டு இருபத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பன்னெண்டு அம்பத்து மூணு வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. சிஸ்டர், மருந்த ரெடி பண்ணுங்க."

நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் பிரஷர் இறங்கவில்லை. இருநூற்றைத் தாண்டி நின்றது. அதைக் குறைக்காமல் அந்த மருந்தைத் தொடக்கூடாது என்று குறைக்கும் ஊசியை முதலில் போட்டார்கள். அதற்குள் சம்மதப் படிவம் வந்தது. சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, தலையில் அடி பட்டதா, வயிற்றுப்புண் உண்டா என்று டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதினாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தையல்நாயகி தலையசைத்தாள்.

"ஒண்ணு சொல்லியாகணும்மா. நேரத்துக்குள்ள போட்டாலும் நூத்துல அஞ்சாறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். எல்லாருக்கும் பேச்சு முழுசா திரும்பும்னும் உறுதி குடுக்க முடியாது. போடாம விட்டா திரும்புற வாய்ப்பு இன்னும் கம்மி."

ஜெயபிரகாஷ் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரசாங்க ஆபீஸில் தினம் நூறு கையெழுத்துப் போடுகிறவன். இன்று கை நகரவில்லை. "ஏதாவது ஆயிடுச்சுன்னா, ம்மா?"

தையல்நாயகி வாசலைப் பார்த்தாள். சிவப்ரியா ஓடி வந்துகொண்டிருந்தாள். வீட்டில் கட்டிய சேலை, வாரிய பாதி, வாராத பாதி என்று தலை. மூச்சு வாங்க வந்து அம்மாவுக்கு நாலடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் வர அனுமதி உண்டா என்று தெரியாத நிற்பு.

"படிச்சவ நீ. சொல்லு," என்றாள் தையல்நாயகி, மூன்று வருடப் பிரிவு என்று எதுவுமே இல்லாதது போல. "போடலாமா?"

சிவப்ரியா படிவத்தை வாங்கிப் படித்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"போடலாம்மா."

தையல்நாயகி மகனிடமிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள்.

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் நர்ஸ் அஞ்சுகம் எட்டிப் பார்த்தாள். "பிரஷர் நூத்தி எழுவத்தி ஆறு டாக்டர்!" பன்னிரண்டு ஐந்துக்கு முதல் பங்கு ஊசியாக ஏறியது. மீதியை ஒரு மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைத் தையல்நாயகி ஜன்னலருகே நின்று கழித்தாள். கீழே வேப்ப மரத்தடியில், பைக்கில் சாய்ந்தபடி கார்முகில் நின்றான். மேலே வர அவன் முயலவே இல்லை. ஒரு குட்டிப் பெண் அவன் காலைக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த பிஸ்கட்டைக் கிள்ளிக் கிள்ளிச் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்திருந்த காக்காய்களை நோக்கி எறிந்துகொண்டிருந்தாள். காக்காய்கள் இறங்கி வந்து பொறுக்கின.

உச்சிவேளை. காக்காய்க்குச் சோறு வைக்க வேண்டிய நேரம். வீட்டில் கிளறிவைத்த எள்ளுச் சாதம் அப்படியே கிடக்கிறது.

'பேத்தி வச்சிட்டா. விரதம் முடிஞ்சுது,' என்று நினைத்தாள் தையல்நாயகி. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஜெயபிரகாஷ் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனதையும், ஒன்றைக் கார்முகிலிடம் நீட்டியதையும் கண்ணீருக்கு ஊடே பார்த்தாள். தடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

சுவாமிநாதனின் வாய் இன்னும் லேசாகக் கோணியிருந்தது. ஆனால் கண் அவளைத் தேடி வந்து நின்றது.

"ஐயா, வலது கையத் தூக்குங்க பாப்போம்," என்றாள் டாக்டர்.

கை முதலில் அசையாமல் கிடந்தது. பிறகு சுண்டு விரல் அசைந்தது. பிறகு எல்லா விரலும். பிறகு, மண்வெட்டியைத் தூக்குகிற மாதிரி கனத்தோடு, கை படுக்கையிலிருந்து ஒரு சாண் எழுந்து விழுந்தது.

"நல்லா கேக்குது மருந்து!" டாக்டரின் முகம் மலர்ந்தது. "இன்னும் ஒரு நாள் முழுக்க ஜாக்கிரதையா பாத்துக்கணும். நாளைக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கணும். ஆனா ஆரம்பம் நல்லாயிருக்கும்மா."

தையல்நாயகி அவர் காதருகே குனிந்தாள். "விரதம் முடிஞ்சுபோச்சுங்க. பேசுங்க. யாருகிட்ட வேணாலும் பேசுங்க."

அவர் உதடு கூடியது. பிரிந்தது. திரும்பக் கூடியது.

"ப்... ரி... யா."

அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாத பெயர். தையல்நாயகி நிமிர்ந்தாள். கதவைத் திறந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பிரியா! இங்க வா. ஒங்கப்பா ஒன்னத்தான் கூப்புடுறாரு."

சிவப்ரியா வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் அந்த வலது கையாலேயே, இப்போதுதான் உயிர் வந்த கையாலேயே, அவள் விரல்களை இறுக்கிக்கொண்டார். ஒரு சொல்லுக்காக வெகு நேரம் போராடினார்.

"போ... காத."

தையல்நாயகி முதலில் அந்த இறுக்கத்தைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டாள். சொன்ன சொல் பிறகுதான் உறைத்தது.

"எங்கடி போறே?"

சிவப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். "மஸ்கட்டுக்கும்மா. அவருக்கு அங்க படகுக் கம்பெனில வேல கெடச்சிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை மூணு பேரும் கெளம்புறோம். காலையில அப்பாகிட்ட அதத்தான் சொன்னேன். 'கொஞ்சம் பொறு, மத்தியானம் காக்காய்க்குச் சோறு வச்சதும் மொத வேலையா ஒங்கம்மாகிட்ட பேசுறேன்'னு சொல்லிட்டு வச்சாரு." அவள் விசும்பினாள். "நான் சொன்ன சேதியாலதான் அப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சும்மா."

"அப்படிப் பாத்தா, கையக் காட்டினவருக்கு மோதிரம் பத்திப் பதில் சொல்லிட்டுப் போனேனே, என்னை என்னா பண்றது?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று "போ" என்ற அதே அம்மாதான். அந்த ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல்லைச் சொல்ல அந்த மனிதர் மூன்று வருடம் மறைந்து மறைந்து பேசி, இன்று உயிரைக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார். தையல்நாயகிக்கு அது தொண்டை வரை வந்து நின்றது. வெளியே வரவில்லை. பழக்கமில்லாத சொல், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அவள் முந்தானையால் கணவரின் கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்குல்ல?"

"ஆமாம்மா."

"அதுக்குள்ள ஒங்கப்பாவ நல்லா பேச வைக்கிறது ஒன் பொறுப்பு. மாப்பிள்ளய மேல வரச் சொல்லு, புள்ளயத் தூக்கிக்கிட்டு. மொதல்ல ஒங்கப்பா பேசி முடிக்கட்டும்." தையல்நாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதுக்கப்பறம் நான் பேசுறேன்."